வீட்டிலேயே இன்சுலின் ஊசி: அச்சமும் அறிவும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டிப் பள்ளிவாசல் வளாகத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

    

வழக்கமாக இந்த மேடையில் நாம் பேசும் பொருள் வேறு. இன்று சர்க்கரை நோயாளிகள் தங்கள் வீட்டில் தாங்களே போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இமாமுக்கு இதில் என்ன வேலை?" என்று எவரேனும் நினைக்கலாம். அதற்கு விடையாக, நமக்கே தலைகுனிவைத் தந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. மஃரிப் தொழுகைக்குப் பின் இருபது நிமிட பயான் என்று அறிவித்திருந்தோம். பேச்சின் சுவையில் நேரம் போனது தெரியவில்லை; ஐம்பது நிமிடங்கள் ஆகிவிட்டன. மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். அவர் முகமெல்லாம் வியர்த்திருந்தது, தோள்கள் நடுங்கின, கண்கள் கலங்கியிருந்தன. நம் பேச்சைக் கேட்டு உருகி அழுகிறார் என்றே நாம் எண்ணினோம். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், உள்ளூர மகிழ்ச்சியும் அடைந்தோம். குரலை இன்னும் உயர்த்தினோம்.

அவர் அழவில்லை. அவர் உடலில் சர்க்கரை குறைந்துகொண்டிருந்தது. தொழுகைக்குப் புறப்படுமுன் வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டு, தொழுது, இருபது நிமிடம் பயான் கேட்டு, வீடு திரும்பி உண்ணலாம் என்று கணக்கிட்டு வந்திருக்கிறார். அவர் கணக்கை நம் பேச்சு குலைத்துவிட்டது. அருகில் இருந்த இளைஞர் ஒருவர் நிலையைப் புரிந்துகொண்டு, ஓடிச் சென்று எதிர்க் கடையில் இனிப்புக் குளிர்பானம் வாங்கி வந்து குடிக்கச் செய்தார். நல்லவேளையாகப் பெரியவருக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

"ஏன் பாய், எழுந்து போயிருக்கலாமே?" என்று கேட்டோம். "ஹஜ்ரத் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது மரியாதையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் மூன்று ஆண்டுகளாக ஊசி போட்டு வருகிறார். வீட்டில் மனைவியைத் தவிர வேறு எவருக்கும் அது தெரியாது. பக்கத்து வீட்டில் இருக்கும் மருமகனுக்குக்கூடத் தெரியாது.

அன்று நாம் இரண்டு உண்மைகளைக் கற்றோம். ஒன்று, ஊசியை விடவும் ஆபத்தானது அதை மறைப்பது. மற்றொன்று, ஊசி போடுவது ஒருவர் கையால் நடந்தாலும் அதன் பாதுகாப்பு அவரைச் சுற்றியிருப்பவர் கைகளிலும் இருக்கிறது. இவ்வுரையில் நாம் சொல்ல வருவது இவ்வளவே. மற்றவை இதற்கான விளக்கங்கள்.

ஊசி என்றால் முடிவு என்று பொருளல்ல

"மாத்திரையில் இருந்தவரை பரவாயில்லை, இப்போது ஊசிக்கு வந்துவிட்டார், இனி அவ்வளவுதான்" என்று நம் ஊரில் பேசிக்கொள்கிறோம். இந்தப் பேச்சுக்கு அஞ்சியே பலர், மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்சுலினை வாங்காமல் மாதக் கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அந்த மாதங்களில் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்புகளும் ஓசையின்றிக் கெடுகின்றன.

இன்சுலின் என்பது நம் வயிற்றில், இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம் என்ற உறுப்பில் சுரக்கும் ஒரு பொருள். நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை உடலின் அணுக்களுக்குள் நுழைய இன்சுலின் வேண்டும். சிலருக்குக் கணையம் இதை அறவே சுரப்பதில்லை. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் முதல் வகை நோய் பெரும்பாலும் இப்படிப்பட்டது. அவர்களுக்கு இன்சுலின் உணவுக்குச் சமம். ஒரு நாளும் நிறுத்த முடியாது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையில் ஆண்டுகள் செல்லச் செல்லச் சுரப்பு குறையும்; அப்போது குறைந்ததை வெளியிலிருந்து ஈடு செய்கிறோம். மாத்திரையாக ஏன் விழுங்கக் கூடாது என்று கேட்போர் உண்டு. இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் நாம் தின்ற இறைச்சி செரிப்பதுபோல் அதுவும் செரித்துவிடும். ஆகவேதான் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துகிறார்கள்.

1921-க்கு முன் இந்த மருந்து இல்லை. முதல் வகை நோய் கண்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் உயிரை நீட்டுவார்கள். பிறகு அடக்கம் செய்வார்கள். 1921-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் விலங்கின் கணையத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் அது செலுத்தப்பட்டது. முதல் ஊசியில் மருந்து தூய்மையாக இல்லாததால் ஒவ்வாமை ஏற்பட்டது. தூய்மைப்படுத்திய பின் போட்ட ஊசியில் சிறுவன் தேறினான். அதே ஆண்டு எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி, எலும்பும் தோலுமாகப் பாண்டிங்கிடம் வந்தவள், தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றாள். அவள் 1981 வரை வாழ்ந்தாள். ஆக, நோயாளி தானே ஊசி போட்டுக்கொள்வது நேற்று வந்த வழக்கமன்று. இந்த மருந்து பிறந்த ஆண்டிலேயே பிறந்தது.

அதைக் கண்டறிந்தவர்கள் 1923-இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதும் நாம் நன்றியோடு நினைக்கத் தக்கது.

நம் தமிழகத்தில் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் அவர்கள் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். அப்போது அது பணக்காரர் நோய் எனப்பட்டது. இன்று அப்படியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உண்டு என்று கூறியது. நம் பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரியில் பெரியவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக அதே ஆய்வு கண்டது. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரம்தான். அவர்கள் உண்பதைத்தான் நாமும் உண்கிறோம்.

எண்ணில் வரும் பிழை

ஊசி வலிக்குமே என்பதுதான் நம் மக்களின் அச்சம். உண்மையில் அஞ்ச வேண்டியது எண்ணில் வரும் பிழைக்கு.

நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது. குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவிலும் அதற்குரிய கார்ட்ரிட்ஜிலும் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட்; சில குப்பிகளும் 100-இல் வருகின்றன. இதற்கேற்பச் சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு உரியதற்குச் சிவப்பு மூடி. 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சின் மேலேயே எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும்.

நம் மஹல்லாவில் ஓர் அம்மாவுக்கு 16 யூனிட் போடச் சொல்லியிருந்தார்கள். ஒரு முறை சிரிஞ்சு தீர்ந்ததும் மகன் அவசரமாக வாங்கி வந்தது ஆரஞ்சு மூடி. குப்பியோ 40. கோடு பார்த்து 16 வரை இழுத்தார்கள். உள்ளே போனது ஆறரை யூனிட்டுக்கும் குறைவு. மூன்று வாரம் சர்க்கரை இறங்கவே இல்லை. "வாயைக் கட்டவில்லை" என்று வீட்டார் அந்த அம்மாவைக் கடிந்துகொண்டார்கள். அவரோ அரை வயிறு உண்டு அழுதுகொண்டிருந்தார். குற்றம் அவர் வாயில் இல்லை. மூடியின் நிறத்தில் இருந்தது.

இதற்கு நேர்மாறானது உயிருக்கே ஆபத்து. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! ஆகவே பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சி எடுக்கும் வழக்கம் எவரிடமேனும் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். குப்பியில் எண் 40 என்றால் சிரிஞ்சிலும் எண் 40. குப்பியில் 100 என்றால் சிரிஞ்சிலும் 100. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கடைக்குப் போகிறவர்கள் அவர்கள்தாமே!

ஒளுவைப் போல ஓர் ஒழுங்கு

ஒளுச் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. தினமும் ஐந்து வேளை செய்து பழகியதால் நாம் தூக்கக் கலக்கத்திலும் அதில் தவறுவதில்லை. ஊசிக்கும் அப்படி ஒரு வரிசையைப் பழகிக்கொண்டால் அச்சம் தானே விலகும். முதல் சில முறை செவிலியர் முன்னிலையில் செய்து காட்டிச் சரி பார்த்துக்கொள்வது அவசியம். வரிசை இதுதான்:

முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு குப்பியின் பெயரையும் காலாவதித் தேதியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று எனக் குப்பி மாற்றிப் போடுகிறவர்கள் இதைத் தவறவே கூடாது. தெளிந்த மருந்து தண்ணீர்போல் இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் ஒதுக்குங்கள். இயல்பிலேயே பால்போல் இருக்கும் வகையை, சீராகக் கலக்கும் வரை, உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாகப் பத்து முறை உருட்டி, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வேகமாகக் குலுக்கக் கூடாது. உருட்டிய பின்னும் கட்டியோ திரியோ தெரிந்தால் அந்தக் குப்பி வேண்டாம்.

அடுத்து, எத்தனை யூனிட் எடுக்கப் போகிறோமோ அத்தனை அளவு காற்றைச் சிரிஞ்சில் இழுத்துக் குப்பிக்குள் செலுத்தி, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுக்க வேண்டும். குமிழ் இருந்தால் சிரிஞ்சைச் சுண்டி வெளியேற்றி, கோட்டை மீண்டும் பார்க்க வேண்டும். பார்வை மங்கியவர்கள் கண்ணாடி அணிந்தோ, வீட்டில் ஒருவரைப் படிக்கச் சொல்லியோ சரி பார்க்கட்டும். பேனா உபயோகிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் புது ஊசியைப் பொருத்தி, 2 யூனிட்டை முதலில் வெளியே செலுத்தி, துளி வருகிறதா என்று பார்த்த பிறகே தம் அளவை வைக்க வேண்டும்.

போடும் இடம் வயிறு, தொடையின் மேற்பகுதியில் வெளிப்புறம், பிட்டம், மேற்கையின் பின்புறம் ஆகியவை. தானே போட்டுக்கொள்கிறவர்களுக்கு வயிறும் தொடையும் எளிது. வயிற்றில் தொப்புளை ஒட்டிப் போடாமல் மூன்று விரற்கடை தள்ளிப் போட வேண்டும். தோல் சுத்தமாக இருந்தால் போதும்; ஸ்பிரிட் இல்லையே என்று ஊசியைத் தவற விட வேண்டாம். ஸ்பிரிட் தடவினால் உலர்ந்த பிறகு போடுங்கள். ஈரத்தோடு போட்டால்தான் எரியும். சிரிஞ்சு என்றால் தோலை இரு விரல்களால் மெல்ல மடித்துப் பிடித்து, செவிலியர் காட்டிய சாய்வில் செலுத்த வேண்டும். பேனாவின் 4 மில்லிமீட்டர் சிறு ஊசி என்றால் பெரும்பாலான பெரியவர்களுக்குத் தோலை மடிக்கத் தேவையில்லை, நேராகச் செலுத்தலாம். மருந்து முழுதும் இறங்கிய பின் பத்து வரை எண்ணி ஊசியை எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது.

ஒரே இடத்தில் தினமும் போட்டால் வலி பழகிவிடும் என்று சிலர் அந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை. வலி பழகுவது உண்மை. ஆனால் அங்கே தோலுக்கு அடியில் கொழுப்பு கட்டிபோல் தடித்துவிடுகிறது. அதில் போடும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. ஆகவே முன்னர் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் அகலமேனும் தள்ளிப் போடுங்கள். வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு கட்டம் என்று முறை வைத்துக்கொள்ளலாம். தடித்த இடத்தை விட்டுப் புதிய இடத்துக்கு மாறும்போது மருந்து நன்றாக ஏறிச் சர்க்கரை சட்டென்று குறையக் கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

ஊசியையும் பேனாவையும் எவரோடும் பகிரக் கூடாது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே மருந்து என்றாலும், ஊசியை மாற்றிவிட்டாலும், ஒரு பேனா ஒருவருக்கு மட்டுமே. ரத்தத்தின் வழியே பரவும் நோய்கள் உறவு பார்ப்பதில்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். கல்யாண வீட்டில் மறைவான இடம் இல்லை என்று ஊசியை விட்டுவிடுகிறீர்கள். அல்லது புடவைக்கு மேலேயே போட்டுக்கொள்கிறீர்கள். இரண்டும் தவறு. விருந்து வைக்கும் வீட்டார் சமையலுக்கு இடம் ஒதுக்குவதுபோல், ஊசி போட்டுக்கொள்ள ஓர் அறையும் ஒதுக்குவது விருந்தோம்பலின் ஒரு பகுதி என்று நாம் சொல்கிறோம். சாப்பாட்டுப் பந்தி தாமதமாகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஊசி போடாதீர்கள். பலரும் உபயோகிக்கும் 30/70 கலவை மருந்தை உணவுக்கு அரை மணி முன் போடச் சொல்வார்கள். அந்த அரை மணி, பந்தி விரித்த பிறகு தொடங்க வேண்டும்.

வெள்ளம் வந்த வாரம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நம்மில் எவரும் மறக்க முடியாது. நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரை மீறியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பல தெருக்களில் மின்சாரம் நாள் கணக்கில் இல்லை.

அந்த இருளில் பள்ளிவாசலுக்கு வந்த கேள்விகளில் ஒன்று: "ஹஜ்ரத், ஃபிரிட்ஜ் ஓடவில்லை. இன்சுலின் கெட்டுப் போயிருக்குமா? போடலாமா, கூடாதா?" நமக்கு விடை தெரியவில்லை. ஒருவர் பயந்து இரண்டு நாள் ஊசியையே விட்டுவிட்டார். இன்னொருவர் குப்பியை ஐஸ் கட்டிக்குள் புதைத்து வைத்தார். மருந்து உறைந்து வீணாயிற்று.

பிறகு மருத்துவர்களிடம் கேட்டு அறிந்ததைச் சொல்கிறோம். திறக்காத குப்பியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், ஃபிரீஸரில் கூடாது. ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது; அதை எறிந்துவிட வேண்டும். திறந்து உபயோகத்தில் உள்ள குப்பியை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை வெளியில் வைக்கலாம். மருந்துக்கு மருந்து கணக்கு மாறும் என்பதால் பெட்டிக்குள் உள்ள தாளைப் பாருங்கள். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதி வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை உதவும். பெரிய பானையில் ஈர மணலிட்டு, அதற்குள் சிறு பானை வைத்து, குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் இட்டு அதற்குள் வைத்து மூடினால், அக்கினி நட்சத்திர வெயிலிலும் வெளியைவிட உள்ளே குளுமையாக இருக்கும்.

கென்யா நாட்டின் தாதாப் அகதி முகாமில் நிலவும் வெப்பத்தை ஒட்டி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலின் தன் ஆற்றலை இழக்கவில்லை என்று அது கண்டது. ஆகவே இரண்டு நாள் மின்சாரம் இல்லை என்பதற்காக எவரும் ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்துவதே பெரிய ஆபத்து. வெள்ள நீரில் மூழ்கிய குப்பியை மட்டும் விட்டுவிடுங்கள்.

சர்க்கரை குறைந்தால்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, குழறும் பேச்சு, காரணமில்லாத கோபம் ஆகியவை இதன் அடையாளங்கள். சோதனைக் கருவியில் 70-க்குக் கீழே காட்டினால் தாமதிக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். தேறிய பின் உணவு உண்ண வேண்டும். கருவி கையில் இல்லாவிட்டால் சந்தேகத்தின் பேரிலேயே இனிப்பைக் கொடுத்துவிடுங்கள்.

நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள். விழுப்புரத்தார்க்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், திண்டிவனத்தார்க்கு அங்குள்ள அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. ஏழைகளுக்கு இன்சுலினும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை.

நோன்பும் ஊசியும்

ஒவ்வொரு ரமலானிலும் நம்மிடம் வரும் கேள்விகள் இவை. இன்சுலின் ஊசி நோன்பை முறிக்குமா? முறிக்காது. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, உணவாகச் செலுத்தப்படும் திரவம் தவிர, தோலிலும் தசையிலும் நரம்பிலும் போடும் மருந்து ஊசிகள் நோன்பை முறிக்கா என்று முடிவு செய்தது. விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதிப்பதும் முறிக்காது. ஒளு முறியுமா என்றால், ஊசி போட்ட இடத்தில் துளி கசிந்து நின்றுவிட்டால் முறியாது. வழிந்தோடினால் ஹனஃபீ மத்ஹபில் முறியும், ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது.

இது பன்றியிலிருந்து எடுப்பதா என்றும் கேட்கிறார்கள். முற்காலத்தில் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தது உண்மை. 1982 முதல், நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினையே உருவாக்கும் முறை வந்துவிட்டது. இன்று நம் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது அவ்வகையே. பெட்டியின் மேல் படித்துப் பார்த்துத் தெளிவு பெறலாம்.

ஆனால் ஊசி நோன்பை முறிக்காது என்பதற்கு, ஊசி போடுகிறவர் எல்லாரும் நோன்பு வைக்கலாம் என்று பொருளல்ல. நோயாளிக்குச் சலுகையைக் குர்ஆன் ஷரீஃபில் சூரா பகராவிலேயே அல்லாஹ் வழங்கியிருக்கிறான். முதல் வகை நோயாளிகள், சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், அடிக்கடி சர்க்கரை குறைகிறவர்கள் ஆகியோரை நோன்பு வைக்க வேண்டாம் என்றே மருத்துவர்கள் பொதுவாகத் தடுக்கிறார்கள். மற்றவர்களும் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு, ஸஹருக்கு எவ்வளவு, இஃப்தாருக்கு எவ்வளவு என்று அளவை மாற்றி எழுதி வாங்க வேண்டும். பழைய அளவை வேளை மாற்றித் தாமே போட்டுக்கொள்வது கூடாது. நோன்பு நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும், 300-க்கு மேலே ஏறினாலும் அக்கணமே நோன்பை விட வேண்டும். மஃரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. பிறகு வைக்க இயலுமாயின் கழாச் செய்யுங்கள். மீளாத நோயாயின் ஃபித்யாக் கொடுங்கள். சலுகையை ஏற்பதும் வணக்கமே.

தெருவைச் சுத்தம் செய்பவர் கை

கடைசியாக ஒன்று. போட்ட ஊசி எங்கே போகிறது? பெரும்பாலும் காகிதத்தில் சுற்றிக் குப்பையில். அந்தக் குப்பையைக் கையால் பிரிப்பவர் நம்மைப் போல் ஒரு மனிதர். ஊசி குத்தினால் அவர் என்னென்ன சோதனைக்கு அலைய வேண்டும், எத்தனை மாதம் அஞ்சிக்கிடக்க வேண்டும்? வீட்டில் உபயோகித்த ஊசியையும் சிரிஞ்சையும் அபாயகரமான வீட்டுக் கழிவு என்றே 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். போட்ட உடனே ஊசியை அதில் இட்டுத் திருகி மூடுங்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி ஒட்டி, நீங்கள் மருந்து வாங்கும் மருத்துவமனையில் கேட்டு ஒப்படையுங்கள். வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவது நன்மை என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாம், வழியில் முள்ளைப் போடலாமா?

ஜமாஅத் செய்ய வேண்டியது

நிர்வாகத்தாரிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் இடத்துக்கு அருகே குளுக்கோஸும் சர்க்கரையும் ஒரு டப்பாவில் எப்போதும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, ரமலானுக்கு இரண்டு மாதம் முன், செவிலியர் ஒருவரை அழைத்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே செயல்முறைப் பயிற்சி நடக்கட்டும். மழைக் காலத்தில் மின்சாரம் நின்றால் மருந்து வைக்கப் பள்ளிவாசல் ஜெனரேட்டரில் ஒரு ஃபிரிட்ஜ் ஓடட்டும். நான்காவது நமக்கே உரியது. பயான் இருபது நிமிடம் என்று அறிவித்தால் இருபதாவது நிமிடத்தில் நாம் நிறுத்துவோம். நிறுத்தாவிட்டால், ஊசி போட்டு வந்தவர் தயங்காமல் எழுந்து செல்லலாம். அது மரியாதைக் குறைவல்ல. தம் உடலின் அமானிதத்தைக் காப்பதாகும்.

அன்று மூன்றாவது வரிசையில் நடுங்கிய அந்தப் பெரியவர் இன்றும் நம்மிடையே இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். இப்போது அவர் ஊசி போடுவது மருமகனுக்கும் தெரியும், பேரப் பிள்ளைகளுக்கும் தெரியும். பேத்திதான் சிரிஞ்சின் எண்ணைப் படித்துச் சொல்கிறாளாம். அவர் சட்டைப் பையில் எப்போதும் நான்கு மிட்டாய் இருக்கும். சில சமயம் மத்ரஸாப் பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கித் தின்றுவிடுகிறார்கள். மறுநாள் மறுபடியும் நிரப்பிக்கொண்டு வருகிறார்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண நலத்தையும், அவர்களைச் சுற்றியிருக்கும் நமக்கு அறிவையும் கனிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.